ஆணி இல்லாத கதிரை

கலியாணம் முடிந்து நான் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் கதிரை என்று ஒன்றுமே இருக்கவில்லை. வீடு என்பதுகூடப் பெரிய சொல்தான். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் ஒரு சிறு முற்றம். என் கணவர் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். காலையில் ரயிலேறிப் போவார், மாலை ரயிலில் திரும்புவார். சமைத்து, கூட்டி, கழுவி முடித்த பிறகும் பகல் அப்படியே மிச்சமாகக் கிடக்கும். யாராவது வந்தால் ட்றங்குப் பெட்டியின்மேல் ஒரு சீலையை மடித்துப் போட்டு இருக்கச் சொல்வோம்.

அது யப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். குண்டு விழும் என்ற பயத்தில் பலர் கொழும்பை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த பறங்கிக் குடும்பம் ஒன்றும் மலைநாட்டுக்குப் போகிறதென்று வீட்டுச் சாமான்களைக் கொடுத்துத் தீர்த்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இவர் தோளில் ஒரு கதிரையைச் சுமந்துகொண்டு வந்தார். கை வைத்த, உயர்ந்த முதுகுள்ள, பழைய காலத்துக் கதிரை. பின்கால் ஒன்று முறிந்திருந்தது. முறிந்த துண்டு இவர் கக்கத்தில் இருந்தது.

"சும்மா தந்தவை. ரெண்டு ஆணி அடிச்சால் சரி" என்றார்.

அந்த இரண்டு ஆணி கிடைத்தால்தானே. வெள்ளவத்தைக் கடைகளில் இல்லை. புறக்கோட்டை இரும்புக் கடைகளில் கேட்டதற்கு, எல்லாம் பட்டாளத்துக்குப் போகுது என்று கையை விரித்துவிட்டார்கள். கதிரை மூன்று காலோடு சுவரில் சாய்ந்து நின்றது. அந்த வாரம் முழுவதும் குசினிக்கும் அறைக்குமாக நடக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை இவர் சொன்னார்:

"இதிலை இருக்கிற பழைய ஆணியைக் கழட்டி எடுத்துத் திருப்பி அடிப்பம்."

முற்றத்தில் சாக்கு விரித்துக் கதிரையைக் கவிழ்த்தோம். ஆணியைத் தேடினோம். காலிலும் இல்லை, கையிலும் இல்லை, இருக்கும் பலகைக்கு அடியிலும் இல்லை. சட்டங்கள் காலோடு சேரும் இடங்களில் மட்டும் சிறு சிறு வட்டங்கள் தெரிந்தன. அலங்காரம் என்று இவர் நினைத்தார். நான் கொண்டையூசியால் ஒன்றைச் சுரண்டினேன். உள்ளே மரத்தின் நார் தெரிந்தது.

"இது மரமப்பா. மரத்தாலை செய்த முளை!"

இவர் மொட்டைக் கம்பி ஒன்றைப் பின்பக்கத்தில் வைத்து விறகுக் கட்டையால் தட்டினார். விரல் நீள மரமுளை ஒன்று மெல்ல மெல்ல வெளியே வந்தது. அதன் பிறகு சட்டத்தைப் பிடித்து இழுத்தால், காலுக்குள்ளிருந்து நாக்கைப் போல ஒரு துண்டு நீண்டு வந்தது. சட்டத்தின் நுனியை அப்படிச் செதுக்கியிருந்தார்கள். காலில் அந்த நாக்கு நுழையும் அளவுக்கு, ஒரு மயிரிழையும் கூடாமல் குறையாமல், சதுரமாக ஒரு வாய். நாக்கை வாய்க்குள் விட்டு, இரண்டையும் ஊடுருவி ஒரு முளை. இவ்வளவுதான் கதிரை! ஆணியும் இல்லை, மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு மூட்டாகத் திறந்து பார்த்தோம். சோறு வடிக்கவும் மறந்துபோனேன். தச்சர்கள் அதைக் கழுந்து என்பார்கள் என்று பின்னர் யாரோ சொன்னார்கள். எங்களுக்கு அது என்றைக்கும் நாக்கும் வாயும்தான்.

ஒன்று மட்டும் இடித்தது. இரண்டாவது மூட்டில் முளையை எடுத்துவிட்டு, சட்டத்தை இழுக்குமுன் இவர் துளைக்குள்ளால் வெளிச்சத்தைப் பார்த்தார். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் ஒரு பக்கம் நறுக்கிய நிலாவைப் போலத் தெரிந்தது. காலில் இருந்த துளையும் நாக்கில் இருந்த துளையும் நேருக்கு நேர் இல்லை.

"பாரும், செய்தவன் ஓட்டையைப் பிழையாப் போட்டிட்டான்" என்றார் இவர். "நாங்கள் செய்யேக்கை நேராப் போடுவம்."

நாங்கள் செய்யேக்கை என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். காலை மட்டும் மாற்றுவது என்ற பேச்சு அன்றோடு போய்விட்டது. துண்டு துண்டாகக் கிடந்த அந்தக் கதிரையைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்வது என்று முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டையில் பழைய சாமான் விற்பவர்களிடமிருந்து ஒரு வாள், சின்னதும் பெரிதுமாக உளிகள், துளை போடும் துறப்பணம், கோணம் பார்க்கும் மூலைமட்டம், உளியை அடிக்கும் கொட்டாப்புளி எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். வாய்க்கால் பக்கத்து மரக்காலையில் பலாமரச் சட்டங்கள் அறுத்துத் தந்தார்கள். புதிதாக அறுத்த பலா மஞ்சள் அரைத்த அம்மி மாதிரி இருக்கும். முற்றம் முழுக்க அதன் வாசம்.

இவர் சனி பின்னேரமும் ஞாயிறும் வேலை செய்தார். நான் சட்டத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவருக்கு ஆசை இருந்தது, பொறுமை இல்லை. உளியை வைத்ததும் ஓங்கி அடிப்பார். வாய் கோட்டுக்கு வெளியே கிழிந்துபோகும். "சீ!" என்பார். அடுத்ததற்குப் போவார். நான் பார்த்துக்கொண்டு நிற்க நிற்க என் கை துடித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த பாடம் கேத்திரகணிதம். கோடு கீறினால் கோட்டிலேயே நிற்க வேண்டும் எனக்கு.

கிழமை நாள் ஒன்றில் இவர் ரயிலேறிப் போன பிறகு, சமையலை முடித்துவிட்டு, உளியை எடுத்தேன். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காலுக்குரிய சட்டத்தின்மேல் குந்தினேன். கோட்டின்மேல் அல்ல, கோட்டுக்குச் சற்று உள்ளே உளியை வைத்து மெதுவாக ஒரு தட்டு. பலா ஒரு சின்னச் சீவலாகக் கிளம்பி வந்தது. இன்னொரு தட்டு. இன்னொன்று. உளி மரத்துக்குள் இறங்கும்போது கைக்குள் ஒரு அதிர்வு வரும். சரியாக இறங்கினால் ஒரு மாதிரி, நார் இழுத்துக்கொண்டு போனால் வேறு மாதிரி. அந்த வித்தியாசம் என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது என்று கண்ட நேரம் எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. நான் சிரித்தும் விட்டேன். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் எட்டிப் பார்த்தா. என்னைவிட மூத்தவ. அவர்கள் பேச்சில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அவவை அப்படித்தான் கூப்பிட்டேன்.

"என்னா புள்ள, தனியச் சிரிக்கிற?"

"வாய் வந்திட்டுது தாத்தா!" என்றேன். அவ ஒன்றும் விளங்காமல் தலையை இழுத்துக்கொண்டா.

மாலை இவர் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே முற்றத்துக்குப் போனார். நான் பொளித்த வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"ஆர் பொளிச்சது?"

"நான்தான்."

மூலைமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். சாப்பிடும்போது கந்தோர்க் கதையைத்தான் பேசினார். கோபமா, வெட்கமா, அவர் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினவர் திரும்பிப் பார்த்தார்.

"மற்றக் காலையும் இண்டைக்குப் பொளிச்சு வையும். என்ரை வாய் எல்லாம் கிழிஞ்ச வாய்."

அவர் ஒழுங்கை முனையைத் தாண்டும்வரைகூட நான் பொறுக்கவில்லை. உலையை வைக்குமுன் உளியை எடுத்தேன்.

இப்படி அவர் அறுக்க, நான் பொளிக்க, ஒரு கதிரைக்கு வேண்டிய எல்லாம் சேர்ந்தது. நாக்குகள் வாய்க்குள் பதமாக நுழைந்தன. துளைகளை நேருக்கு நேர் போட்டு முளை அடித்தோம். கதிரை எழுந்து நின்றது. மஞ்சளாக, பளிச்சென்று. இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு அதில் போய் இருந்தார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அடுத்த கிழமையே அது ஆடத் தொடங்கியது. மரம் காயக் காய மூட்டுகளில் விரிசல் தெரிந்தது. ஒரு பின்னேரம் இவர் சாய்ந்து இருந்தபோது கதிரை மெல்ல அகன்று, ஒட்டகம் படுப்பது மாதிரி, ஒவ்வொரு மூட்டாக விட்டுக்கொடுத்து இவரைத் தரையில் இறக்கியது. தேத்தண்ணி நெஞ்சில் ஊற்றிவிட்டது. சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன். இவர் விழுந்த இடத்திலேயே இருந்து, "அந்தப் பழைய கதிரை எத்தினை வருசம் நிண்டிருக்கும். அதுக்கு மட்டும் என்ன இருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய கதிரையின் முளைகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அவற்றைச் சாக்கில் கொட்டி அடுக்கிப் பார்த்தேன். எல்லா முளையும் நடுவில் சற்று வளைந்திருந்தது. பழசாகி வளைந்திருக்கும் என்று முன்பு நினைத்திருந்தோம். ஆனால் பழசாகி வளைந்தால் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் அல்லவா வளையும்? இவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வளைந்திருந்தன. பழைய சட்டங்களை எடுத்து நாக்குகளின் துளைகளை அளந்தேன். ஒவ்வொரு நாக்கிலும் துளை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து சட்டத்தின் பக்கமாக ஒரு நூல் அளவு தள்ளி இருந்தது. ஒன்றில் தவறியிருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவு தவறுமா?

பழைய நாக்கு ஒன்றைப் பழைய வாய்க்குள் விட்டு, முளையைத் துளையில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன். முளை பாதி வழியில் நாக்கின் துளையில் முட்டியது. இன்னும் தட்டினேன். நேர் இல்லாத துளைக்குள் முளை வளைந்து நுழைய நுழைய, என் கண்முன்னால் சட்டம் தானாக நகர்ந்து காலோடு போய் ஒட்டியது! யாரோ உள்ளே இருந்து நாக்கைப் பிடித்து இழுப்பது மாதிரி. ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மரம் காய்ந்து சுருங்கினாலும் முளை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிழையாகப் போட்ட துளை இல்லை அது. வேண்டுமென்றே தள்ளிப் போட்டது.

மாலை ரயில் வரும்வரை வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. முளையைக் கையில் பொத்திக்கொண்டு, தலையில் மரத்தூளோடு, ஒழுங்கையால் இறங்கி ஸ்டேசனுக்கே ஓடினேன். கடற்காற்று சீலையைப் பிடித்து இழுத்தது. ரயில் வந்து நின்று கந்தோர் ஆட்கள் இறங்கினார்கள். என்னைக் கண்டதும் இவர் முகம் வெளுத்துப் போனது. குண்டு விழுந்துவிட்டது என்றோ, ஊரிலிருந்து தந்தி வந்துவிட்டது என்றோ நினைத்திருப்பார்.

"என்ன? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. அது பிழையில்லையப்பா!"

"எது பிழையில்லை?"

"ஓட்டை! வேணுமெண்டு தள்ளிப் போட்டிருக்கிறான். முளை போய் நாக்கை உள்ளுக்கு இழுக்குது. இஞ்சை பாருங்கோ, முளை எல்லாம் ஒரே மாதிரி வளைஞ்சு கிடக்கு!"

இறங்கிப் போன ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவர் முளையை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒரு கையைப் பொத்தி வாயாக்கி, மற்றக் கையின் விரல்களை நாக்காக்கி, அதற்குள் விட்டுப் பார்த்தார். பிறகு "ஐயையோ!" என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் கத்தி நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினோம்.

விழுந்த கதிரையின் பழைய துளைகளை அடைத்து, புதிதாக, நாக்கில் ஒரு நூல் தள்ளித் துளை போட்டோம். முளையை அடித்தபோது முதலில் மொத்தமான சத்தம் வந்தது. மூட்டு இறுகியதும் சத்தம் மாறி, மணி மாதிரிக் கணீரென்று கேட்டது. அந்த ஒலிக்கு நான் அடிமையாகிப் போனேன். ஒவ்வொரு மூட்டும் கணீரென்று சொல்லும்வரை அடித்தோம்.

கதிரையைச் சோதிக்க ஒழுங்கையே வந்தது. மதிலுக்கு அப்பால் இருந்து இவ்வளவு நாளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா தன் புருசனையும் கூட்டி வந்தா. காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர், ஆள் நல்ல பாரம். அவர் தயங்கித் தயங்கி இருந்தார். சாய்ந்தார். பக்கத்துக்குப் பக்கம் அசைந்தார். கதிரை மூச்சு விடவில்லை.

"ஆணி ஒண்டும் அடிக்கல்லயா புள்ள?" என்று தாத்தா குனிந்து தேடினா.

"ஒண்டும் இல்லை தாத்தா."

"அப்ப எப்பிடி நிக்கிற?"

நான் நாக்கையும் வாயையும் விளக்கினேன். அவ புருசன் எழும்பவில்லை. "ஒனக்கு வெளங்கினா நீ ஊட்ட போய்ச் செய்யி, நான் இங்கயே ஈக்கிறன்" என்று அவவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் என் மாமா, இவருடைய தகப்பன், யாழ்ப்பாணத்திலிருந்து மெயில் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு மூட்டை வெங்காயமும் கொண்டு வந்திருந்தார். நான் அப்போது முற்றத்தில் அடுத்த கதிரைக்கு வாய் பொளித்துக்கொண்டிருந்தேன். உளியை ஒளிக்க நேரமிருக்கவில்லை. மாமா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். உளியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தம்பி, உது ஆற்றை வேலை எண்டு தெரியுமோ? கவர்மெண்டு உத்தியோகத்திலை இருந்துகொண்டு தச்சன் வேலை செய்யிறாய் எண்டு ஊரிலை கதைச்சால் நான் எங்கை முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறது?"

இவர் என்ன சொல்லித் தப்பப் போகிறார் என்று பார்த்தேன். பொழுதுபோக்கு என்பார், அல்லது ஒரு தச்சன் வந்து போகிறான் என்பார் என்று நினைத்தேன்.

"ஐயா, நான் செய்யேல்லை" என்றார் இவர். "இவதான் செய்தவ. நான் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அதைச் சொன்ன விதத்தில் ஒளிப்பு இல்லை. பெருமை இருந்தது. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைக் காட்டுவது மாதிரி என்னைக் காட்டினார். மகனைத் திட்டலாம், மருமகளைப் புது வீட்டில் வைத்து எப்படித் திட்டுவது? "கையைக் கழுவிப்போட்டுத் தேத்தண்ணி போடு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கதிரையைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதில் இருக்கவில்லை. பாயில் இருந்தார். அந்தத் தரம் மட்டுமல்ல, பிறகு எத்தனையோ தரம் கொழும்புக்கு வந்தார். எங்கள் கதிரை எதிலும் ஒரு நாளும் இருக்கவில்லை. முதலில் எனக்குக் கவலையாக இருந்தது. பிறகு அவர் வருகிறார் என்றால் நல்ல புற்பாயாக ஒன்று எடுத்து வைக்கப் பழகிவிட்டேன்.

மாமா ஊருக்குத் திரும்பிய கையோடு கொட்டாஞ்சேனையிலிருந்து என் அக்கா வந்தா. அவவின் புருசனுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா கதிரையில் இருந்து பார்த்துவிட்டுத் துள்ளி எழும்பினா.

"எடியே, எங்கட றோட்டிலை பழைய வீடொண்டு உடைக்கிறாங்கள். உத்தரம் எல்லாம் பலா. விறகுக்குக் குடுக்கப் போறாங்களாம்!"

விறகுக்கு! அந்தச் சனிக்கிழமை இவருக்குக் கந்தோர் பாதி நாள். நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கூரை கழற்றின வீட்டின் முன்னால் உத்தரங்கள் குவிந்து கிடந்தன. மேலே கறுப்பாக அழுக்கு. நான் கையோடு கொண்டுபோன உளியால் ஒன்றின் ஓரத்தைச் சீவினேன். உள்ளே முற்றிய பலா, தேன் நிறத்தில். எத்தனை வருசம் காய்ந்த மரம்! இது இனிச் சுருங்காது.

வேலைக்காரருக்குத் தலைவரான சிங்கள ஆள் எதற்கு என்று கேட்டார். இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "புட்டு ஹதன்ன" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உத்தரத்தில் புட்டு அவிக்கிறதா? சிங்களத்தில் கதிரைகளுக்குப் புட்டு என்றுதான் பேர் என்று அக்கா என் காதில் சொன்னா. எனக்கு வந்த சிரிப்பில் அந்த ஆளும் சிரித்துவிட்டார். "மாத்தயா பாஸ் கெனெக்த?" ஐயா தச்சு வேலை செய்கிறவரா என்று கேட்டார்.

இவர் என்னைக் காட்டி, "மே நோனா தமய் பாஸ்" என்றார். இந்த அம்மாதான் தச்சர்.

அந்த ஆள் என் கையிலிருந்த உளியைப் பார்த்தார். தன் ஆட்களைக் கூப்பிட்டு, பூச்சி அரிக்காத உத்தரங்களாகப் பார்த்து ஒதுக்கித் தரச் சொன்னார்.

மாட்டுவண்டி ஒன்று பிடித்து ஏற்றினோம். இவர் வண்டிக்காரரோடு முன்னால் இருந்தார். நான் பின்னால் மரத்தின்மேல். புறக்கோட்டைச் சனத்தை விலக்கி, காலிமுகத்திடலைத் தாண்டி, வண்டி அசைந்து அசைந்து வந்தது. கடல் பக்கம் முழுக்கக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் தண்ணீர் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே கிடந்த மரத்தில் விரலால் கோடு கீறிக்கொண்டு வந்தேன். இது பின்கால். இது கை. இந்த அகலமான உத்தரத்தை வாளால் பிளந்தால் மேசைக்குப் பலகை வரும்.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். "மேசையும் வரும்!"

"என்ன?"

"மேசை! சாப்பாட்டு மேசை!"

பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் முன்னால் இருந்து தலையைத் திருப்பி, "லாச்சியும் வைப்பமோ?" என்று கேட்டார். இழுப்பறை எப்படிச் செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"ஓம்" என்றேன். "ரெண்டு வைப்பம்."